எந்த உறுப்பு என்று கேட்டார்கள்

என் பெட்டியில் ஒரு தகடு இருக்கிறது. வெற்றிலை அளவு. வெள்ளி இல்லை, தகரம்தான். அதில் இரண்டு கண்களைப் புடைப்பாக அடித்திருக்கும். புருவம், இமை, நடுவில் ஒரு புள்ளி. திருவள்ளூர் பெருமாள் கோயில் தெருவில் வாங்கியது. உடம்பில் எந்த உறுப்புக்குச் சுகமில்லையோ அதைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது அங்கே வழக்கம். கைக்குக் கை, காலுக்குக் கால். இந்தத் தகடு உண்டியலுக்குப் போகவில்லை. போட வேண்டியவன் போடவில்லை. பிறகு என்னிடம் வந்தது. ஓரமெல்லாம் துரு ஏறிவிட்டது. கண் மட்டும் அப்படியே பார்க்கிறது.

நான் எழுதிப் பழகியவன் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பேசுவதும் குறைவுதான். போன மாதம் பேத்தி விஷயமாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து இதை எழுதிவிட வேண்டும் என்றே இருக்கிறது.

அந்தத் தகடு வாங்கிய அன்று நானும் கூட இருந்தேன். தை அமாவாசை. அறுபதுகளில் ஒரு வருடம், எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா, அவள் மகனையும் என்னையும் கூட்டிக்கொண்டு புதுவாயலிலிருந்து பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் வந்தாள். அவள் மகன் எனக்கு மச்சான். இருவருக்கும் ஒரே வயது. பின்னாளில் அவன் தங்கையைத்தான் நான் கட்டிக்கொண்டேன். எங்கள் காலனியில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். அத்தை மட்டும் மகன் படித்தே ஆக வேண்டும் என்று நின்றாள். அவனுக்கோ படிப்பு ஏறவில்லை. குளத்தில் வெல்லம் கரைத்தாள். கரைகிறது போல நோய் கரையும் என்பார்கள். பிறகு தகட்டுக் கடைக்கு வந்தோம்.

"இன்னா உறுப்பும்மா?" என்றார் கடைக்காரர்.

"பையனுக்குப் படிப்பு ஏறல சாமி."

"படிப்பு உறுப்பு இல்லியேம்மா. கோளாறு எங்க கீது? தலையிலயா, கண்ணுலயா, நாக்குலயா?"

அத்தை திரும்பி மகனைப் பார்த்தாள். "எங்கடா வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல."

பின்னால் கூட்டம் நெருக்கியது. கடைக்காரர் கை, கால், வயிறு என்று பரப்பி வைத்திருந்தார். அத்தை எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தாள். உண்டியல் அருகே வந்ததும் மச்சான் தகட்டை மடியில் செருகிக்கொண்டான்.

"கண்ணு நல்லாத்தாம்மா கீது. தோ, கோபுரத்து மேல புறா குந்திக்கினு கீது பாரு. எண்ணிச் சொல்லட்டா? பதினொண்ணு."

அத்தை முதுகில் ஒன்று வைத்தாள். நான் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான்.

அவனுக்கு எழுத்துதான் வராது. மற்றதெல்லாம் வரும். ஒரு பாடத்தை யாராவது இரண்டு தடவை வாசித்தால் மூன்றாவது தடவை அவன் சொல்லுவான், ஒரு வார்த்தை பிசகாது. அதையே புத்தகத்தில் காட்டி வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். "எழுத்து நிக்க மாட்டேங்குதுடா. நான் பாக்கச்சொல்லவே நவுந்து பூடுது," என்பான். எனக்குப் புரியாது. எழுத்து எங்கே நகரும்? வாத்தியார் கொழுப்பு என்பார், அடிப்பார். அவன் கையை நீட்டிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். தகடு வாங்கிய கதையைப் பள்ளிக்கூடத்தில் நான்தான் சொன்னேன். சிரிப்பதற்காகச் சொன்னேன். அன்றிலிருந்து அவனுக்கு 'தகடு' என்றே பேர் ஆகிவிட்டது. பிறகு ஆலைக்கும் அந்தப் பேர் கூடவே வந்தது. அங்கே யாருக்கும் காரணம் தெரியாது. அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் ஐந்தாவதோடு ஏர் பின்னால் போய்விட்டேன். அவனை எட்டாவது வரை நின்றுவிட அத்தை விடவில்லை. வாயால் ஒப்பித்து மனப்பாடத்திலேயே தேறினான். எட்டாவது தேறியதாகச் சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வர ஆரம்பித்தன. கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இரண்டு பேரும் சேர்ந்தோம். ஒரே சைக்கிள். ஜி.என்.டி. ரோட்டில் ஒருநாள் அவன் மிதிப்பான், ஒருநாள் நான். அடுப்பிலிருந்து இரும்பு சிவப்பாக வரும், உருளைகளுக்கு நடுவே போய்க் கம்பியாக நீளும், வெட்டி, ஆறவைத்துக் கட்டுக் கட்டுவார்கள். அவன் கட்டுகிற இடத்தில் இருந்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக் கம்பியின் கனம் சொல்லுவான். இந்த லோடு எந்த ஊருக்கு என்று மேஸ்திரி வாயால் சொன்னால் போதும். கட்டுக் கம்பியை முறுக்குவதில் அவன் ஒரு அடையாளம் வைத்திருந்தான். நெல்லூருக்குப் போவதென்றால் இரண்டு முறுக்கு. சேலத்துக்கு ஒரு முறுக்கு. லோடு ஏற்றுகிறவர்கள் கட்டில் மாட்டிய ஊர்ப் பேர் அட்டையைத்தான் பார்ப்பார்கள். முறுக்கு அவனுக்காக அவன் வைத்துக்கொண்டது, மேஸ்திரிக்கு மட்டும் தெரியும்.

சேர்ந்த இரண்டாவது வருடம் கம்பி வெட்டுகிற மெஷினில் என் இடது கை மாட்டியது. சுவிட்சை ஓடிப்போய் அடித்தவன் அவன். இல்லையென்றால் முழுக் கையும் போயிருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் கையைச் சுற்றி, ஆஸ்பத்திரி வரை லாரியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். "அயுவாதடா. ரெண்டுதான் பூச்சு, மூணு கீது," என்று சொல்லிக்கொண்டே வந்தான். அழுதது அவன்தான். சுண்டு விரலும் மோதிர விரலும் போயின.

டாக்டர் கையை அளந்து ஊனம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தால் எனக்கு லைட் டூட்டி கிடைத்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி. கட்டுகளில் மாட்டுகிற அட்டையில் ஊர்ப் பேர் எழுதுவது வேலை. உண்மையைச் சொன்னால், எழுதுகிற கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற கையாலும் சைக்கிள் ஓட்டினேன், வேட்டி கட்டினேன், கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். கேலியும் இருந்தது. "ரெண்டு விரலக் குடுத்துட்டு சேர் வாங்கிட்டாருப்பா ராசா," என்பார்கள். மச்சான் மட்டும் அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு, "குந்து சார்," என்று சிரித்தான்.

நான் அந்த இடத்துக்கு வந்தது அவனுக்கும் நல்லதாயிற்று. இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மேசைமேல் இரண்டு மரப் பெட்டிகள். அவன் எனக்கு எதிரே வந்து நின்றால் அவனுடைய இடது கைப் பக்கம் நெல்லூர் அட்டை, வலது கைப் பக்கம் சேலம் அட்டை. அவன் வாசிக்கவே வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு பிசகு வரவில்லை. அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது ஆலையில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் சைக்கிளில் போகும்போது நான் கேட்டேன். "ஆபீசர்கிட்ட சொல்லிட்டா இன்னா? எனக்குக் கை மாதிரி உனக்கு இதுன்னு?"

"பேஜாரா பூடும். என்ன நொண்டி லிஸ்டுல சேத்துடாதே. யாருகிட்டயும் சொல்லாதே. எம்மேல ஆணை," என்றான்.

நான் சரி என்றேன். பின்னால் பல வருடம் அந்த வாக்கைத்தான் எனக்குச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

நிரந்தரம் செய்கிறவர்களின் பட்டியல் வரப்போவதாகப் பேச்சு அடிபட்ட நேரம். மச்சான் பேர் அதில் இருப்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆனால் வேலையை விட்டு யாரும் சும்மா தூக்க முடியாது. அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வெயில் காலம். என் மேசைக்குப் பின்பக்கத்துச் சுவரில் இருந்த ஃபேன் ஓடவில்லை என்று எதிர்ச் சுவரில் புதிதாக ஒன்று மாட்டினார்கள். நான் காற்று வருகிற பக்கமாக நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் இந்தப் பக்கம் வந்தேன். பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மச்சான் வழக்கம்போல எனக்கு எதிரே வந்து நின்றான். இடது கைப் பெட்டியில் எடுத்து நெல்லூர்க் கட்டுகளில் மாட்டினான். வலது கைப் பெட்டியில் எடுத்துச் சேலம் கட்டுகளில் மாட்டினான். நான் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு லாரியும் லோடு மாறிப்போய் நின்றன. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தன. அதற்குள் வேறு லோடு எதுவும் போகவில்லை. ஆலை முழுக்க அதே பேச்சு. அட்டையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கே நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். யாரும் பார்க்காத நேரம் பார்த்துப் போட்டேன்.

ஆபீசர் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி, மச்சான், நான். திரும்பி வந்த கட்டு ஒன்றைத் தரையில் போட்டிருந்தார்கள். மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "முறுக்கு சரியாத்தான் கீது சார்," என்றார். "நெல்லூருக்கு ரெண்டு முறுக்கு, சேலத்துக்கு ஒண்ணு. தகடு ஒருநாளும் மாத்திக் கட்ட மாட்டான். அட்டையிலதான் இன்னாவோ ஆயிருக்குது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஆபீசரும் பார்த்தார். அந்த நாற்காலி என் கண் முன்னால் வந்தது. அது போனால் திரும்பவும் அடுப்பு, மெஷின்.

நான் சொன்னேன். "அட்டைய நான் சரியாத்தான் எழுதினேன் சார். எடுத்துக் கட்டனது அவரு."

இரண்டுமே உண்மை. ஒரு பொய்கூட இல்லை. அவனை 'அவரு' என்று நான் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

ஆபீசர் ஒரு அட்டையை மச்சானிடம் நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்கு?"

அவன் அட்டையைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் வியர்த்தது போலவே வியர்த்தது. பிறகு என்னைப் பார்த்தான். உதட்டை அசைத்தால் போதும், பிடித்துக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் அப்படி எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் தரையில் கிடந்த கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியுது சார்."

"காது?"

"கேக்குது சார்."

"கை கால் நல்லா இருக்கு. அப்புறம் என்னய்யா குறை உனக்கு? எட்டாவது பாஸ்னு ஃபைல்ல இருக்கு. ஒண்ணு இது பொய் சர்டிபிகேட், இல்ல நீ திமிரு பண்றே." என்னைக் காட்டினார். "இவரைப் பார். கையில ஊனம். எவ்வளவு பொறுப்பா இருக்கார்."

தகட்டுக் கடைக்காரர் கேட்டதையேதான் ஆபீசரும் கேட்டார். எந்த உறுப்பு என்று. அன்றைக்கு அத்தை கையில் ஏதோ ஒன்றையாவது எடுத்தாள். நான் ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. 'சார், இது இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, என் கையைப் போலத்தான் இதுவும்' என்று சொல்லியிருக்கலாம். 'நாற்காலியை நகர்த்தியது நான்' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மச்சானும் நாற்காலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. "தப்பு என்னுதுதான் சார்," என்றான். அந்த வாரமே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். பட்டியல் ஒட்டியபோது அவன் பேர் இருந்த இடத்தில் மையால் கோடு போட்டிருந்தது. என் பேர் இருந்தது.

ஆபீசர் கூப்பிட்ட அன்று வீட்டுக்கு ஒரே சைக்கிளில்தான் போனோம். என் முறை இல்லை, அவன் முறை. அவன் மிதித்தான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"சேர நவுத்துனியா?" என்றான்.

"ஆமா."

"ஃபேன் காத்துக்கா?"

"ஆமா."

"அன்னிக்குக் காலையில ஒரு வார்த்த சொல்லியிருந்தா கை மாத்தி எடுத்திருப்பேனே மச்சான்."

அவ்வளவுதான் கேட்டான். ஆபீசர் அறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி நகர்த்திய காலையில் சொல்லாததற்குத்தான் கேட்டான். புதுவாயல் கூட்டு ரோடு வந்ததும் சைக்கிளை நிறுத்தினான். "உனக்கு ரெண்டு விரலு பூச்சு, காட்டுனே, சேர் குடுத்தாங்க. எனக்கு இன்னா பூச்சுன்னு நான் இன்னாத்தக் காட்டுவேன்?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகவே கேட்டான். அவன் இறங்கி நடந்து போனான்.

கூட்டு ரோட்டில் கொஞ்ச நாள் லாரியில் மூட்டை ஏற்றினான். பிறகு பெண்டாட்டி ஊர், சூளூர்ப்பேட்டைப் பக்கம் போய்விட்டான். போகிற அன்று தங்கையைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தான். அவள் காப்பி வைக்க உள்ளே போன நேரம் மடியிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து என் கையில் வைத்தான். விரல் இல்லாத கையில்.

"இது உன்னாண்ட இருக்கட்டும். எனக்கு எதுக்கு? எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது."

அதற்குப் பிறகும் கல்யாணம் காட்சிக்கு வந்தான். சாப்பிட்டான், சிரித்தான், மச்சான் என்றே கூப்பிட்டான். என் பிள்ளைகளுக்குக் கட்டுக் கம்பியை வளைத்துப் புறா செய்து கொடுத்தான். ஒருதடவை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். சில வருடம் முன்னால் இறந்துபோனான். பாடையில் கயிறு கட்டும்போது நான் இரண்டு முறுக்கு முறுக்கினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது என் மகனின் மகளுக்கு எட்டு வயது. கோபுரத்துப் புறாவை எண்ணுவாள். பாட்டை ஒருதரம் கேட்டால் போதும், பாடுவாள். எழுத்து நிற்க மாட்டேன் என்கிறதாம். மச்சான் சொன்ன அந்தச் சொல்லையே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அடிக்கவில்லை. டாக்டரிடம் அனுப்பினார்கள். அதற்கு ஒரு பேர் இருக்கிறதாம். டிஸ்லெக்சியா. எனக்கு வாயில் நுழையவில்லை, பேத்தி சொல்லிக் கொடுத்தாள். அதையும் ஊனத்தில் சேர்த்துக் காகிதம் தருகிறார்களாம். பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்குமாம்.

மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. "எம் பொண்ணுக்கு இன்னா கொறச்சலு மாமா? நாளைக்குக் கட்டிக் குடுக்க வாணாமா? ஊனம்னு எழுதி வாங்கச் சொல்றீங்களே," என்று அழுதாள்.

என் வீட்டுக்காரியும் அவள் பக்கம். "எங்கண்ணன் ஊனம் இல்ல. அவன மாதிரி வேலக்காரன் எவன் இருந்தான்?" என்றாள்.

நான் இடது கையை அவர்கள் முன்னால் வைத்தேன். "இந்தக் கையால நான் எல்லா வேலயும் செய்யறேன். இதுக்கு ஒரு பேப்பர் குடுத்தாங்க. அந்தப் பேப்பருதான் இத்தன வருசம் இந்த ஊட்டுக்குச் சோறு போட்டுச்சு. உங்கண்ணன்கிட்ட பேப்பர் இல்ல. பேருல இன்னா கீது? வாங்கு," என்றேன். வீட்டில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். மகன் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் டூட்டியில் இருந்தான். நானே கூடப்போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அது ஊனமா இல்லையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கம்பிக்கு முன்னால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அட்டைக்கு முன்னால்தான் குறை. அட்டை எழுதியவன் நான். எல்லாவற்றையும் எழுத்தில் வைத்திருக்கிற இடத்தில் அது ஊனம்தான். என் நாற்காலி நகராத வரைக்கும் அவனுக்கு ஊனம் இருந்ததாக ஆலையில் ஒருவனுக்கும் தெரியவில்லையே. நாற்காலி விஷயம் என் வீட்டுக்காரிக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும். அவள் படிப்பாள்.

இந்த வருடம் தை அமாவாசைக்குத் திருவள்ளூர் போனேன். அந்தத் தகட்டை உண்டியலில் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்துக்கொண்டு போனேன். கடை அதே தெருவில்தான் இருக்கிறது. ஆள் வேறு, சின்னப் பையன்.

"எந்த உறுப்பு பெரியவரே?"

"வாய்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நல்லாத்தானே பேசறீங்க. வாய் தனியா இல்ல தாத்தா. மொகம் எடுத்துக்கோங்க. அதுல வாயும் கீது."

முகத்தை வாங்கினேன். உண்டியல் வாயில் மடங்காமல் நின்றது, தட்டி உள்ளே தள்ளினேன். கண் தகடு சட்டைப் பையிலேயே இருந்தது. அதை மச்சான் போட மாட்டேன் என்றான். அவன் கண்ணில் கோளாறு இல்லை. நானும் போடவில்லை. வீட்டுக்கு வந்து திரும்பவும் பெட்டியில் வைத்தேன்.